பெட்டிக்குள் ஒரு பல்லி

மாலையில் லயத்து இஸ்தோப்பில் விளக்கு எரியத் தொடங்கியதும், எவரும் அழையாமலே வந்து வேலையை ஏற்றுக்கொள்ளும் பிராணி ஒன்று உண்டு. தகரக் கூரைக்கும் சுவருக்கும் இடையிலுள்ள இடுக்கிலிருந்து அது தலையை நீட்டும், சுற்றுமுற்றும் பார்க்கும், பின்னர் விளக்கை நாடி வரும் ஈசலையும் அந்துப்பூச்சியையும் ஒவ்வொன்றாகப் பிடித்து விழுங்கும். வட்டவளைக்கும் அட்டனுக்கும் இடையே, மழைக்கும் மூடுபனிக்கும் பெயர்போன றொசல்லவிலும் இந்த வேலை இரவுதோறும் நடைபெறுகிறது. இதற்குக் கூலி இல்லை. செக்றோலில் பெயரும் இல்லை. அதுதான் நேயர்கள் யாவரும் அறிந்த சுவர்ப் பல்லி.

அறிந்த பிராணி என்றாலும் நம் மக்கள் அதன் உடலை நோக்கியதைவிட அதன் சொல்லைக் கேட்டதே அதிகம். பல்லி எந்தத் திசையில் சொன்னது, எந்தக் கிழமையில் சொன்னது, தலையில் விழுந்ததா தோளில் விழுந்ததா என்று பலன் பார்க்கும் வழக்கம் மலைநாட்டிலும் வேரூன்றியிருக்கிறது. பஞ்சாங்கத்தில் அதற்கெனத் தனிப் பக்கம் உண்டு. காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் விதானத்திலுள்ள பொன் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டு வணங்கினால் பல்லி விழுந்த தோடம் நீங்கும் என்பது நம்பிக்கை. சங்கப் புலவர்களோ இதனைச் சற்று வேறுவிதமாகவும் கேட்டிருக்கிறார்கள். ஆண் பல்லி தன் துணையை அழைக்கும் குரல் குறுந்தொகையிலே இடம்பெற்றிருக்கிறது. இக்கால விஞ்ஞானிகளும் ஏறக்குறைய அதையேதான் சொல்லுகிறார்கள். பல்லியின் ஒலி துணையை அழைப்பதற்கும், தன் எல்லைக்குள் வேறோர் ஆண் வாராது எச்சரிப்பதற்கும் உரியது. ஆங்கிலத்தில் இவ்வினத்துக்கு வழங்கும் கெக்கோ என்ற பெயர்கூட, தென்கிழக்காசியப் பெரும்பல்லி ஒன்றின் குரலைப் பின்பற்றிய மலாய்ச் சொல்லிலிருந்து வந்ததே.

இப்போது இந்தப் பல்லியினத்துக்குப் புதியதொரு நிலை ஏற்பட்டிருக்கிறது. கிளியையும் மீனையும் வளர்ப்பதுபோலப் பல்லியையும் கண்ணாடிப் பெட்டியில் வளர்ப்பது உலகின் பல நாடுகளில் பெருவழக்காகிவிட்டது. கைத்தொலைபேசியில் அப்படங்களைக் காணும் தோட்டத்து இளைஞர்களுக்கும் அந்த ஆசை பிறப்பது இயல்பு. ஆசையைப் பழிப்பதற்கில்லை. பாம்பைக் கண்டால் அடி, பல்லியைக் கண்டால் துரத்து என்று வளர்ந்த சமூகத்தில் ஒரு பிள்ளை அவற்றை நேசிக்க முன்வருவது நல்ல காரியமே. ஆனால் எந்தப் பல்லியை வளர்ப்பது, எப்படி வளர்ப்பது என்பதை அறியாமல் பெட்டியை வாங்குவது, நிலம் பாராமல் கன்று நடுவதற்கு ஒப்பாகும்.

உலகில் மிகுதியாக வளர்க்கப்படுவது சிறுத்தைப் பல்லி எனத்தக்க ஓரினமாகும். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளிகள் நிறைந்திருப்பதால் அப்பெயர். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகியவற்றின் வறண்ட கற்பாறை நிலங்களே அதன் தாயகம். கல்கத்தா ஆசியக் கழக அரும்பொருட்சாலையின் பொறுப்பாளராயிருந்த எட்வர்ட் பிளைத் 1854ஆம் ஆண்டில் அதற்கு விஞ்ஞானப் பெயரிட்டார். நம் சுவர்ப் பல்லிக்குக் கண்ணிமை கிடையாது. கண்ணில் தூசி படிந்தால் நாக்கினால் நக்கித் துடைத்துக்கொள்ளும். சிறுத்தைப் பல்லிக்கோ இமை உண்டு. அது கண்ணை மூடி உறங்கும். சுவர்ப் பல்லியின் விரலடியில் கண்ணுக்குத் தெரியாத எண்ணற்ற நுண்மயிர்கள் இருப்பதால் அது கண்ணாடியிலும் ஏறும். சிறுத்தைப் பல்லிக்கு அவை இல்லை. ஆதலால் அது பெட்டியின் சுவரில் ஏறித் தப்புவதில்லை. தரையில் நடந்து திரியும். முக்கால் அடிக்குச் சற்று மேற்பட்ட நீளம், சாதுவான குணம், கொழுப்பைச் சேமித்து வைக்கும் தடித்த வால், இவையெல்லாம் சேர்ந்து அதனை வீட்டுப் பிராணியாக்கிவிட்டன. நன்கு பேணினால் பதினைந்து இருபது ஆண்டுகள் வாழும். பத்து வயதில் ஒரு பிள்ளை அதனை வாங்கினால், அது சாகுமுன் அப்பிள்ளை பள்ளிக்கூடம் முடித்து, தொழில் தேடிக் கொழும்புக்கும் போய்விடும். அதன்பின் பல்லிக்கு இரை போடுபவர் யார் என்ற கேள்வியைப் பெட்டி வாங்கும் நாளிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்தது வெப்பம். பல்லி வளர்ப்பென்பது பெரும்பாலும் வெப்பத்தைக் காக்கும் தொழிலே என்று சொன்னால் மிகையாகாது. மனிதனும் மாடும் உண்ட உணவிலிருந்து தம் உடற்சூட்டைத் தாமே உண்டாக்கிக்கொள்ளுகின்றன. பல்லி அதனை வெளியிலிருந்தே பெறவேண்டும். குளிர்ந்தால் வெயிற்பட்ட கல்லை நாடும். சூடேறினால் நிழலுக்குள் ஒதுங்கும். இப்படி இடம் மாறி மாறித்தான் அது தன் உடலை ஒழுங்கு செய்கிறது. ஆகவே பெட்டி முழுவதையும் ஒரே சூட்டில் வைத்திருப்பது தவறு. ஒரு பக்கம் செல்சியஸ் 30 முதல் 32 பாகை வரையும், மறுபக்கம் ஏறத்தாழ 25 பாகையும் இருக்குமாறு அமைத்து, இரண்டு பக்கத்திலும் ஒளிந்திருக்க இடம் கொடுக்கவேண்டும். எங்கே இருப்பது என்பதைப் பல்லியே முடிவு செய்யும். உடலில் சூடு போதாவிட்டால் உண்ட இரை செரியாது. இரை செரியாவிட்டால் நோய்.

றொசல்லவின் நிலையை இதனோடு வைத்துப் பார்க்கவேண்டும். அயலிலுள்ள வட்டவளை, இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் அங்கே மழை பெய்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் வெயிலைக் காண்பதே அரிது. இரவில் வெப்பம் 15 பாகை அளவுக்கு இறங்குவதும் உண்டு. லயத்துக் காம்பராவின் சுவர் ஈரத்தில் ஊறியிருக்கும். உலர்ந்த பாறை நிலத்துப் பல்லி ஒன்றை இங்கே வைத்தால், அதற்கு இரவும் பகலும் மின்சாரத்தினால் சூடு கொடுத்தாக வேண்டும். சூடு கொடுப்பதோடு போதாது; அது அளவு கடவாதபடி கட்டுப்படுத்தும் கருவியும் உஷ்ணமானியும் தேவை. வெறும் கையினால் தொட்டுப் பார்த்துச் சரியென்று விட்டால், பல்லி அடிவயிறு வெந்து இறக்கும். காற்றுக் காலத்தில் மரம் முறிந்து மின்கம்பி அறுந்தால் திருத்துவதற்கு நாட்கள் செல்லும் தோட்டங்கள் இருக்கின்றன. 2022 மார்ச் மாத இறுதியில் நாடு முழுவதிலும் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு ஏற்பட்டதை எவரும் மறந்திருக்கமாட்டார்கள். வளர்ந்த பல்லி சில நாட் குளிரைத் தாங்கிக்கொள்ளும். அடைவைத்த முட்டை தாங்காது.

உணவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. உயிருள்ள சுவர்க்கோழியும் மாவுப்புழுவும் போன்ற பூச்சிகளே இரை. சோறும் பாலும் ஆகா. பூச்சிமேல் சுண்ணாம்புச் சத்துத் தூளும் விற்றமின் டி சத்தும் தூவிக் கொடுக்காவிட்டால் எலும்பு மெலிந்து, தாடை இளகி, கால் வளைந்துவிடும். மருந்தடித்த தேயிலை மலையில் பிடித்த பூச்சியை ஒருபோதும் போடலாகாது. தோலுரிக்கும் காலத்தில் ஒதுங்கியிருக்க ஈரமான ஒரு மறைவிடம் வேண்டும். இல்லாவிடில் உரியாத தோல் விரலைச் சுற்றி இறுகி, விரலே இற்றுப்போகும். இன்னொன்று: பல்லி விழுந்த உணவு நஞ்சாகும் என்று நம் வீடுகளில் அஞ்சுவார்கள். பல்லிக்கு நஞ்சு கிடையாது. ஆயினும் சல்மனெல்லா என்னும் நோய்க்கிருமி அதன் எச்சத்தில் இருக்கக்கூடும். ஆகவே அந்த அச்சத்தில் பாதி நியாயம் உண்டு. பல்லியைத் தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கலாகாது. சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் இது இன்னும் முக்கியம்.

இனிப் பெருக்கத்துக்கு வருவோம். விந்தையெல்லாம் இங்கேதான் இருக்கிறது.

இரண்டு ஆண்களை ஒரே பெட்டியில் விட்டால் ஒன்றையொன்று கடித்துக் குதறும். ஓர் ஆணும் ஒரு பெண்ணும் கூடியபின், பெண் ஒவ்வொரு தடவையும் பெரும்பாலும் இரண்டு முட்டைகளை ஈரமண்ணில் புதைத்து இடும். ஒரு பருவத்தில் இப்படிப் பல தடவை இடுவதுண்டு. அதனால் தாயின் உடம்பிலுள்ள சுண்ணாம்புச் சத்து வற்றிவிடும்; வாலின் பருமன் குறையும். அத்தகைய பெண்ணை ஆணிடமிருந்து பிரித்து ஓய்வு கொடுக்காதவன் வளர்ப்பவன் அல்லன். கோழி முட்டையின் ஓடுபோல் இம்முட்டையின் ஓடு கடினமாயிராது. பதப்படுத்திய தோல்போல் மெதுவாயிருந்து, சுற்றிலுமுள்ள ஈரத்தை உறிஞ்சிப் பருக்கும். கோழி தன் முட்டையை அடிக்கடி புரட்டிவிடும். பல்லி முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழியும். எடுத்தபோது மேலே இருந்த பக்கம் குஞ்சு வெளிவரும் நாள்வரை மேலேயே இருக்கவேண்டும். அதற்காகப் பென்சிலால் மேற்புறத்தில் சிறு புள்ளியிட்டு வைப்பது வளர்ப்போர் வழக்கம்.

இனி இதனைக் கேளுங்கள். மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பது கருவுற்ற கணத்திலேயே தீர்மானமாகிவிடுகிறது. சிறுத்தைப் பல்லியில் அப்படியன்று. முட்டை இட்ட வேளையில் அதற்கு ஆணென்றும் பெண்ணென்றும் முடிவில்லை. அடுத்துவரும் வாரங்களில் அந்த முட்டை எவ்வளவு சூட்டில் இருந்தது என்பதே அதனைத் தீர்மானிக்கிறது. 26 பாகையில் அடைவைத்த முட்டைகளிலிருந்து அநேகமாகப் பெண் குஞ்சுகளே வெளிவரும். 30 பாகையில் இருபாலும் கலந்து வரும். 32 பாகையைச் சற்றே தாண்டினால் பெரும்பாலும் ஆண்கள். அப்படியானால் மேலும் சூடேற்றினால் முழுவதும் ஆணாகும் என்றுதானே எண்ணத் தோன்றும்? இல்லை, 34 பாகையைத் தாண்டியதும் மீண்டும் பெண்கள்! நாட்கணக்கும் சூட்டைப் பொறுத்தே மாறும். வெப்பம் மிகுந்தால் ஏறத்தாழ நாற்பது நாளில் குஞ்சு பொரிக்கும். குறைந்தால் இரண்டு மாதத்தையும் தாண்டும்.

ஊர்வனவற்றில் இத்தகைய முறை இருக்கிறது என்பதை முதன்முதலில் எடுத்துக்காட்டியவர் மடலேன் சார்னியே என்ற பெண்மணி. 1966ஆம் ஆண்டில் மேற்கு ஆபிரிக்காவின் டாக்கார் நகரில், அங்குள்ள ஓணான் இனமொன்றின் முட்டைகளை வெவ்வேறு வெப்பத்தில் வைத்துப் பார்த்து அவர் இதனைக் கண்டார். அப்போது அதனைப் பொருட்படுத்தியோர் மிகச் சிலரே. பின்னர் ஆமைகளிலும் முதலைகளிலும் இதே இயல்பு காணப்பட்டது. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் குரூஸ் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் சிறுத்தைப் பல்லியை வைத்துச் செய்த ஆராய்ச்சிகள் இன்னுமொரு படி மேலே சென்றன. அடைகாக்கும் வெப்பம் பாலை மட்டுமன்றிக் குணத்தையும் மாற்றுகிறது. அதிகச் சூட்டில் பிறந்த பெண் பல்லி குறைந்த சூட்டில் பிறந்த தன் சகோதரியைவிட மூர்க்கமாயிருக்கிறது என்று அவர்கள் கண்டார்கள். கருவியின் திருகை அரைப் பாகை இப்பக்கமோ அப்பக்கமோ திருப்பும் மனிதனின் விரல், பிறக்கப்போகும் உயிரின் பாலையும் இயல்பையும் முடிவு செய்கிறது. றொசல்லவில் சாதாரண அறையில், பெட்டிக்குச் சூடில்லாமல் விட்டுவைத்த சிறுத்தைப் பல்லி முட்டை ஆணுமாகாது, பெண்ணுமாகாது. பூஞ்சணம் பிடித்து வற்றிப்போகும்.

மனிதன் விரல் நுழைந்த இடத்தில் அவன் ஆசையும் நுழையாமல் இராது. வெண்ணிறப் பல்லி, செம்மஞ்சட் பல்லி, புள்ளியில்லாப் பல்லி என்று நிறத்துக்காகவே தெரிந்தெடுத்துப் பெருக்கலாயினர். எலுமிச்சை உறைபனி என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரால் ஒரு நிறவகையை அழைத்தார்கள். உடம்பு முழுவதும் எலுமிச்சை மஞ்சளும் வெண்மையும் மின்னும். முதலில் அதற்குக் கொடுத்த விலை மிகப் பெரிது. சில காலத்தில் அப்பல்லிகளின் தோலில் வெண்ணிறக் கட்டிகள் எழுந்தன. 2021ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சியொன்று, அந்த அழகிய நிறத்தைத் தரும் மரபணுக் கூறே கட்டிகளுக்கும் காரணம் என்றும், அவ்வகையில் பிறந்தவற்றுள் நூற்றுக்கு எண்பதுக்கு மேற்பட்டவை கட்டிநோய்க்கு ஆளாகின்றன என்றும் வெளிப்படுத்தியது. மனிதருக்கு வரும் ஒருவகைத் தோற்புற்றுநோயை ஆராய்வதற்கு இப்பல்லி உதவக்கூடும் என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அது நல்லதே. ஆனால் நிறத்தைக் கண்டு விலை பேசியவர் எவரும் அந்த நோக்கத்துடன் பேசவில்லை.

குளிர்நாட்டுக்கு ஏற்ற பல்லி இல்லையோ என்று சிலர் கேட்கக்கூடும். உண்டு. பசுபிக் சமுத்திரத்து நியூ கலடோனியாத் தீவில் கண்ணுக்கு மேலே இமைமயிர்போன்ற முட்கள் வரிசையாக அமைந்த ஓர் இனம் இருக்கிறது. அது அழிந்தொழிந்தது என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1994ஆம் ஆண்டில் மீண்டும் காணப்பட்டது. 22 முதல் 26 பாகை வரையான வெப்பமே அதற்குப் போதும். சூடு மிகுந்தால்தான் ஆபத்து. இன்று உலகெங்கும் அது பெட்டிகளில் பெருகி வளர்கிறது. அதன் வால் ஒருமுறை அறுந்தால் மறுபடி முளைப்பதில்லை என்பது ஓர் அதிசயம். எதுவாயினும், வெளிநாட்டுப் பிராணியொன்றை இலங்கைக்குள் கொண்டுவருவதற்கு முறையான அனுமதிப்பத்திரம் வேண்டும். பையிலே மறைத்துக் கொண்டுவந்தவனிடம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குவது, அவனுடைய குற்றத்தில் பங்குகொள்வதாகும்.

அயல்நாட்டுப் பல்லிக்குச் செலவு அதிகம், அனுமதியும் வேண்டும். நமது மலையிலேயே பல்லி இருக்கிறதே, அதைப் பிடித்துப் பெட்டியில் விட்டால் என்ன? இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. மேலே சொன்னவை யாவும் இதற்கு முன்னுரை எனினும் பொருந்தும்.

மலைநாட்டில் சுவர்ப் பல்லி மட்டுமா இருக்கிறது? ஓடையோரப் பாறையிலும் காட்டு மரத்தின் பட்டையிலும் விரலளவேயான சாம்பல்நிறப் பல்லிகள் பகலில் நடமாடுவதைக் கூர்ந்து பார்ப்போர் காணலாம். அவை பகற்பல்லிகள். சுவர்ப் பல்லிக்கு உள்ளதுபோல் விரலடியில் ஒட்டும் மெத்தை அவற்றுக்கு இல்லை. நகத்தினால் பற்றிக்கொண்டே ஏறும். கண்மணி வட்டமாயிருக்கும். இலங்கையில் பிறந்த இராணுவ வைத்தியரான கெலார்ட், 1852ஆம் ஆண்டில் அவற்றுள் ஒன்றுக்குக் கண்டியின் பெயரையே சூட்டினார். இன்று இலங்கையில் ஏறத்தாழ நாற்பது வகைப் பகற்பல்லிகள் கணக்கிடப்பட்டுள்ளன. இவ்வகைகள் உலகில் வேறெங்கும் இல்லை. அவற்றுள் பல ஒரே ஒரு குன்றிலும் அதனைச் சூழ்ந்த காட்டிலும் மாத்திரமே வாழ்பவை. றம்பொடையின் பெயரைத் தாங்கிய வேறொரு காட்டுப் பல்லியும் 2005ஆம் ஆண்டில் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாயிற்று. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைகளை வெட்டித் திறந்தபோது எஞ்சியது ஓடைக்கரைக் காட்டுத் துண்டும் மலையுச்சிச் சோலையுமே. அந்தத் துண்டுகளே இப்பல்லிகளின் உலகம். ஒரு பாறையில் பல பெண்கள் ஒரே இடத்தில் முட்டையை ஒட்டிவைப்பதுண்டு. அந்த ஒரு பாறையிலிருந்து பத்துப் பல்லிகளை எடுத்துச் சென்றால் ஓர் ஊரையே குடிபெயர்த்தது போலாகும்.

ஆகவேதான் சட்டம் குறுக்கே நிற்கிறது. 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 2009 வரை அதற்குச் செய்யப்பட்ட திருத்தங்களும், நாட்டுக்கே உரிய இத்தகைய ஊர்வனவற்றைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் நாட்டைவிட்டுக் கொண்டுபோவதையும் தண்டனைக்குரிய குற்றமாக்கியுள்ளன. அவ்வாறிருந்தும் நமது மலைகளின் ஓணான்கள் ஐரோப்பியப் பிராணிச் சந்தைகளில் விற்கப்பட்டு வந்தன. மூக்கில் கொம்புள்ள ஓணானும், முட்டையிடாமல் குட்டி ஈனும் சிற்றோணானும் அவற்றுள் அடங்கும். வனவிலங்கு வாணிகம் பற்றிய சர்வதேச மாநாடு 2019 மே மாதத்தில் கொழும்பிலேயே நடைபெறவிருந்தது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர் அது ஆகஸ்ட் மாதத்துக்கு ஒத்திவைக்கப்பட்டு ஜெனீவாவில் கூடியது. இலங்கை அங்கே முன்வைத்த வேண்டுகோளின்படி அந்தச் சிற்றோணான் வாணிகம் முற்றாகத் தடுக்கப்பட்ட முதலாம் பின்னிணைப்பிலும், கொம்போணான் இரண்டாம் பின்னிணைப்பிலும் சேர்க்கப்பட்டன. காட்டிலிருந்து பிடித்த கொம்போணானை விற்பதற்கு ஒதுக்கப்பட்ட தொகை பூச்சியம். கெக்கோ என்ற பெயருக்குக் காரணமான தென்கிழக்காசியப் பெரும்பல்லியும் அதே மாநாட்டில்தான் இரண்டாம் பின்னிணைப்பில் இடம்பெற்றது. அதன் உடம்பு தீராத நோய்களைத் தீர்க்கும் மருந்து என்று எவரோ கிளப்பிய பொய்யினால் அது பெருந்தொகையாகப் பிடிபட்டு வந்தது.

பெட்டியிலே பிறந்து பெட்டியிலே பெருகிய சிறுத்தைப் பல்லி ஒன்று. பாறையிலிருந்து பறித்தெடுத்த பகற்பல்லி வேறொன்று. முன்னதைப் பேணுபவனுக்குப் பொறுமையும் பணமும் தடையற்ற மின்சாரமும் இருந்தால் போதும். பின்னதைப் பேண எவராலும் முடியாது. ஓடையின் ஈரம், பாறையின் குளிர்ச்சி, பாசியிலுள்ள சிறு பூச்சி ஆகியவற்றைப் பெட்டிக்குள் கொண்டுவருவது எப்படி? காட்டிலிருந்து எடுத்த சிறு ஊர்வனவற்றில் பல, பெட்டியில் இரையை மறுத்துச் சில வாரங்களில் இறந்துபோகின்றன. விற்றவன் அதனைச் சொல்லமாட்டான்.

அப்படியானால் பல்லி வளர்க்கும் ஆசையுள்ள றொசல்லப் பிள்ளைக்கு வழியே இல்லையா? பெட்டியில்லாத வழி ஒன்று வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது. விளக்கருகே வரும் சுவர்ப் பல்லியின் அடிவயிற்றை வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால், சில நாட்களில் இரண்டு வெண்மையான உருண்டைகள் தோலினூடாகத் தெரியும். கழுத்தின் இருபுறத்திலும் சிறு வீக்கம் காணப்படும். முட்டை ஓட்டுக்கு வேண்டிய சுண்ணாம்பை அது சேமித்து வைத்திருக்கும் பை அது. அப்படியான பெண் எந்த இடுக்கில் ஒதுங்குகிறது என்பதைக் கவனித்தால் போதும். சுவாமிப் படத்தின் பின்னாலோ பழைய நாட்காட்டியின் பின்னாலோ பட்டாணியளவான இரண்டு முட்டைகள் ஒட்டியிருக்கும். சிறுத்தைப் பல்லியின் முட்டைபோல் இவை மெதுவானவை அல்ல. கோழி முட்டைபோல் கடின ஓடுடையவை. வெளியிலிருந்து ஈரம் பெறவேண்டிய அவசியமும் இல்லை. அதனாலேயே இவ்வினம் கப்பற் சரக்கோடு ஒட்டிக்கொண்டு உலகம் முழுவதும் பரவியது. ஒருமுறை ஆணுடன் கூடிய பெண் பல மாதங்களின் பின்னரும் கருவுள்ள முட்டையிட வல்லது.

முட்டையைத் தொடாமல், அதைக் கண்ட நாளைக் கொப்பியில் எழுதவேண்டும். பக்கத்தில் ஓர் உஷ்ணமானியைத் தொங்கவிட்டுக் காலையிலும் இரவிலும் அதன் அளவைக் குறித்துவரலாம். வெப்பமான ஊர்களில் ஏறத்தாழ இரண்டு மாதத்துக்குள் குஞ்சு வெளிவரும். றொசல்லவின் குளிரில் எத்தனை நாளாகும் என்பதைக் கொப்பி சொல்லும். அட்டனிலும் நாவலப்பிட்டியிலும் உள்ள பிள்ளைகள் தத்தம் வீட்டில் இதே கணக்கை எழுதினால், மூன்று ஊரின் உயரத்தையும் வெப்பத்தையும் நாளையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒருநாட் காலையில் ஓடு உடைந்து கிடக்கும். இரண்டு அங்குலத்துக்கும் குறைவான, நூல்போன்ற வாலுடைய குஞ்சொன்று கூரைத் தகரத்தின் அடியில் ஏறிப் போய்க்கொண்டிருக்கும். அன்றிரவே அதுவும் விளக்கடிக்கு வந்துவிடும்.